வைக்கோல் பொதியும் என் வயிற்றெரிச்சலும்

வீடியோ கசெற்றை டிவிடியாக மாற்றுகிற வேலையில் அவசரம் எடுபடாது. இரண்டு மணி நேரம் ஓடுகிற கசெற்றுக்கு இரண்டு மணி நேரம்தான், அதுவும் ஒருவன் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு வீடியோக் கடையின் பின்னறையில் அந்த ஒருவன் நான். முன்னால் தமிழ்ப் படங்கள் வாடகைக்குப் போகும். பின்னால், பலகைத் தடுப்புக்கு அப்பால், நாலு மெஷினும் ஒரு கதிரையும் நானும்.

முன்னால் நின்றவர் இஞ்ஞாசி அண்ணை. யாழ்ப்பாணத்தில் எங்களுக்குப் பக்கத்துக் கோவில் பங்கு, என்னைவிட ஆறு வயது மூப்பு. பிரெஞ்சைப் பிழை பிழையாகப் பேசுவார், ஆனால் கூசாமல் பேசுவார். நான் வகுப்புக்குப் போய் இலக்கணத்தோடு பேசக் கற்றவன், என்னோடு பேசத்தான் ஆளில்லை. வேலை முழுக்க என்னிடம் வரும். மெர்சி என்கிற நன்றி முழுக்க அவரிடம் போகும். பின்னறையில் இருந்து பிழைக்கிறவர்களே, உங்கள் இடத்திலும் ஓர் இஞ்ஞாசி அண்ணை இருப்பார். ஆள் நல்லவராகவும் இருந்து தொலைப்பார், அதுதான் பெரிய கரைச்சல்.

ரெனேயின் ஆப்பிள் பெட்டி

லவாலில் இருந்து ரெனே என்று ஒருவர் வந்தார். லொறி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓர் ஆப்பிள் பெட்டி நிறையக் கசெற் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தார். எல்லாம் ஒரே நிகழ்ச்சி: முந்திய காலத்து ஆங்கில ரீவியில் சனி பின்னேரங்களில் போனதாம், பிறகு மறுபடி போட்டபோது பதிந்து வைத்திருக்கிறார். முதல் கசெற்றைப் போட்டேன். ஒரு வைக்கோல் கொட்டகை. பொதிகளுக்கு மேல் தொப்பிக்காரர்கள் இருந்து பான்ஜோவும் பிடிலும் வாசிக்கிறார்கள். ஒரு பெண் வந்து, விட்டுப்போன காதலனைப் பற்றி உருகிப் பாடுகிறாள். அவள் கண்ணைத் துடைக்கும் முன்னரே ஒருவன் கோழியோடு ஓடிவந்து விழுகிறான். பாட்டு, பகிடி, பாட்டு, பகிடி. கொட்டகை முழுக்கச் சனம் சிரிக்கிறது.

எனக்கு முதல் நாள் ஒன்றும் விளங்கவில்லை. நாலாம் நாள் விளங்கத் தொடங்கியது. பத்தாம் நாள் நான் தனியே இருந்து சிரித்தேன், சிரித்து முடிய வயிறு எரிந்தது. நான் வளர்ந்த வருடங்களில் எங்கள் பக்கம் கரண்ட் இருந்த சனிக்கிழமைகளே குறைவு. இந்த மனிதரிடம் தன் சனிக்கிழமைகள் பெட்டி கட்டிக் கிடக்கின்றன, அதுவும் இலக்கம் போட்டு. மூன்று கிழமை கண் எரிய இருந்து எல்லாவற்றையும் மாற்றி, உறையில் போட்டு முன்னால் அனுப்பினேன். தடுப்பின் இடைவெளியால் பார்த்தேன். ரெனே டிவிடிகளை வாங்கினார், இஞ்ஞாசி அண்ணையைக் கட்டிப்பிடித்தார், கடையில் நின்ற எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: “இந்த மனிதர் என் சனிக்கிழமைகளைத் திருப்பித் தந்துவிட்டார்!”

பகிடிக்கு உரிமைக்காரன்

ரெனே தன் கூட்டாளிகளுக்குச் சொல்ல, அவர்கள் தங்கள் கூட்டாளிகளுக்குச் சொல்ல, அந்த இலையுதிர்காலம் முழுக்க வைக்கோல் கசெற் வந்துகொண்டே இருந்தது. கொண்டுவந்தவர்கள் எல்லாரும் கவுண்டரில் நின்று ஒரே கதையைத்தான் சொன்னார்கள்: எந்தச் சோபாவில் இருந்து பார்த்தது, அப்பா எந்த இடத்தில் தொடையில் தட்டிச் சிரிப்பார், அம்மா எந்தப் பாட்டுக்கு அழுவார். நான் பின்னால் இருந்து எல்லாவற்றையும் கேட்டேன்.

அந்த நிகழ்ச்சியில் ஒரு தபால்காரன் வருவான். ஊரார் கடிதங்களை உடைத்து வாசித்துவிட்டுத்தான் கொடுப்பான். ஒரு நாள் தேத்தண்ணி நேரம் இஞ்ஞாசி அண்ணைக்கு அந்தப் பகிடியைச் சொன்னேன். தபால்காரன் வயல் செய்கிற ஒரு கமக்காரனிடம் வந்து, “உன் மாமியார் வருகிறாராம்” என்கிறான். “எப்போது?” என்று இவன் பதறுகிறான். “போன கிழமை. கடிதம் நன்றாக இருந்தது, வைத்து வாசித்துக்கொண்டிருந்தேன்” என்கிறான் அவன். கொட்டகைக் கதவு திறக்கிறது, மாமியார் பெட்டியோடு நிற்கிறார். நான் சொன்னபோது மாமியார் வந்து நிற்பதை முதலே சொல்லிவிட்டேன், பிறகு திரும்பிப் போய்க் கடிதத்தைச் சொன்னேன். இஞ்ஞாசி அண்ணை சிரிக்கவில்லை. “ம்” என்றார். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு முன்னால் போனார்.

ஐந்து நிமிடம் கழியவில்லை. கவுண்டரில் அதே பகிடி கேட்டது. தபால்காரனுக்கு ஒரு நடை, கமக்காரனுக்கு ஒரு குரல், கடைசியில் ஒரு விக்கித்த அமைதி. வாடகைக்குப் படம் எடுக்க வந்த சென்னைப் பையன், ஏதோ கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை, கவுண்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கண்ணைத் துடைத்துவிட்டுச் சொன்னான்: “அண்ணா, நீங்க டிவில வர வேண்டிய ஆளு. இங்க கேசட் எடுத்துக் குடுத்துட்டு நிக்கிறீங்களே!”

மெற்றில்டாவின் வெள்ளிக்கிழமை

என் மனைவி மெற்றில்டா ஒரு கார்டெரியில் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை. வெள்ளிக்கிழமை அரை நாள். வீட்டுக்குப் போகிற வழியில் எனக்குச் சாப்பாடு கொண்டுவருவாள், வைத்துவிட்டுப் போய்விடுவாள். ஒரு வெள்ளி, அவள் பாத்திரத்தை வைக்கிற நேரம் பார்த்து அந்தத் தபால்காரன் திரையில் வந்தான். குனிந்தவள் நிமிரவில்லை. பிறகு கதிரையை இழுத்துப் போட்டாள், என் கதிரையை. சேலைத் தலைப்பு இருந்திருந்தால் வாயில் அடைத்திருப்பாள். குளிர்க்கோட்டின் கையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். கண்ணால் தண்ணீர் ஓடியது. கலியாணம் கட்டிய நாளிலிருந்து நான் அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்ததில்லை. நான் நின்றுகொண்டு புட்டுச் சாப்பிட்டேன்.

பிறகு ஒவ்வொரு வெள்ளியும் வந்தாள். வந்ததும் “அந்தாள் இண்டைக்கு வாறாரோ?” என்று கேட்பாள். நான் சாப்பிட்டேனா என்று கேட்கமாட்டாள். அந்த மனிதன் எப்போதோ செத்திருப்பான் என்று எனக்குள் ஓர் ஆறுதல் இருந்தது. அதையும் ரெனே கெடுத்தார்: ஆள் உயிரோடு இருக்கிறாராம், நல்ல சுகமாம், குளிர் தொடங்க வெயில் ஊருக்குப் போய் கோல்ஃப் விளையாடுகிறாராம். அன்றிரவே பொறுக்கமுடியாமல், அதே மாமியார் பகிடியை நான் மெற்றில்டாவுக்கு நடித்துக் காட்டினேன். கடைசிவரை பொறுமையாகப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: “பதினொரு வருசமா நீங்கள் எனக்குப் பகிடி சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறியள் எண்டு இண்டைக்குத்தானப்பா விளங்குது.”

ஒளிவிழா

மார்கழியில் எங்கள் பங்கு மண்டபத்தில் கிறிஸ்மஸ் ஒளிவிழா. பிள்ளைகளின் நடனம், கரோல், பரிசு, கொத்துரொட்டி. நான் பங்குச் சபையில் ஒரு யோசனை சொன்னேன்: பாட்டும் பகிடியும் மாறி மாறி வருகிற மாதிரி ஒரு நிகழ்ச்சி வைப்போம், மேடையில் வைக்கோல் பொதி வைப்போம், நான் தபால்காரனாக வருகிறேன். எல்லாருக்கும் பிடித்தது. பொதிக்கு என்ன செய்வது, யார் கிற்றார் வாசிப்பது என்று பேச்சு மும்முரமாகப் போனது. சபைத் தலைவர் என் தோளில் கை வைத்தார். “அன்ரன், நல்ல யோசனை. ஆனா வீடியோ எடுக்கத் தெரிஞ்சது நீர் ஒருத்தர்தானே” என்றார். பிறகு மேசைக்கு அந்தப் பக்கம் திரும்பி, “இஞ்ஞாசி, தபால்காரன் நீர் செய்யும்” என்றார்.

செய்தார். மொன்றியலுக்கு ஏற்றமாதிரி மாற்றிச் செய்தார். “தம்பி, உம்மட மாமிக்கு விசா கிடைச்சிட்டுதாம்.” “ஐயோ, எப்ப?” “போன மாதம். கடிதம் நல்ல வடிவான கையெழுத்து, வச்சு வாசிச்சுக்கொண்டு இருந்திட்டன்.” மண்டபத்தின் பின்கதவு திறந்தது, தலையில் துவாய் சுற்றி, பனிச் சப்பாத்தோடு, கையில் பெட்டியோடு ஒருவர் நின்றார். மண்டபத்தில் பாதிப் பேர் மாமியை ஸ்பொன்சர் செய்தவர்கள், மீதிப் பேர் அப்படி வந்து இறங்கிய மாமிகள். கூரை போய்விடும் என்று நினைத்தேன். நான் கமெராவைத் திருப்பிச் சனத்தை எடுத்தேன். மூன்றாம் வரிசையில் மெற்றில்டா, குனிந்து, பக்கத்தில் இருந்தவளின் தோளில் நெற்றியை முட்டிச் சிரித்தாள். என் யோசனை, என் பகிடி, என் மனைவி. முடிந்ததும் பங்குச் சுவாமி மேடைக்கு ஏறி, இஞ்ஞாசி அண்ணையின் கையை உயர்த்திப் பிடித்தார். “இவ்வளவு நாளும் இந்தத் திறமையை எங்க ஒளிச்சு வச்சிருந்தனீர்?”

ச்சு

விழாக் கசெற்றை முதலில் எங்கள் வீட்டில்தான் போட்டுப் பார்த்தோம். இஞ்ஞாசி அண்ணையும் வந்திருந்தார். தனி ஆள், கொழும்பு வெள்ளவத்தையில் தமக்கை ஒருவர், வேறு யாரும் இல்லை. பண்டிகை நாட்களில் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. படம் நன்றாக விழுந்திருந்தது. சத்தமும் தெளிவு. தபால்காரன் முதல் பகிடியைச் சொன்னான், சனம் சிரித்தது, சிரிப்புக்கு மேலே, காதுக்குள் சொன்னமாதிரி, “ச்சு” என்று ஒரு சத்தம் கேட்டது. இரண்டாவது பகிடி. சிரிப்பு. “ச்சு.” மாமி வந்து நின்ற இடத்தில் மூன்று தரம்.

கமெராவின் மைக்குக்குக் கிட்ட நின்ற ஆள் யார் என்று யோசிக்க ஒருவரும் கஷ்டப்பட்டிருக்கத் தேவையில்லை. நான் எழும்பிக் குசினிக்குள் போய்த் தண்ணீர் குடித்தேன். கூடத்தில் இஞ்ஞாசி அண்ணை மெற்றில்டாவிடம் கவலையோடு சொல்வது கேட்டது: “பிள்ளை, மண்டபத்துக்குள்ள எங்கயோ பல்லி இருந்திருக்குது.”

மெஷின் தின்றது

அந்தக் கசெற்றுக்கு எழுபது பிரதி வேண்டுமென்று பங்கில் கேட்டிருந்தார்கள். எழுபது வீட்டில் என் “ச்சு” கேட்பதை நினைக்க எனக்கு நித்திரை வரவில்லை. ஒரு செவ்வாய் காலை, காதில் ஹெட்போனை இறுக்கி மாட்டிக்கொண்டு, கம்ப்யூட்டரில் ஒவ்வொரு “ச்சு”வாகத் தேடி வெட்டத் தொடங்கினேன். மொத்தம் பத்தொன்பது. பதினான்காவதை வெட்டிக்கொண்டிருந்தபோது ஏதோ கருகிய மணம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். மூன்றாவது மெஷினில் போட்டிருந்த கசெற்றின் நாடா வெளியே சுருள் சுருளாக வந்து கிடந்தது.

அது ஹேஸல் என்பவரின் கசெற். நகரின் வடக்கே அஹுன்ட்சிக்கில் தனியே இருக்கிற ஆங்கிலக்கார அம்மா, எழுபது வயது இருக்கும். ஒரே ஒரு கசெற்தான் கொண்டுவந்தவர். அந்த நிகழ்ச்சியில் பார்வையாளரில் ஒருவரை மேடைக்குக் கூப்பிட்டு ஒரு பகிடி சொல்லவிடுவார்கள். ஒரு தரம் அவருடைய தங்கை டொரீன் போயிருக்கிறார். டொரீன் போன வருடம் இறந்துவிட்டார். இந்தக் கசெற்றைத் தவிர டொரீனின் குரல் வேறு எதிலும் இல்லை. இவ்வளவையும் அவர் கவுண்டரில் சொல்லி, நான் பின்னால் இருந்து கேட்டுத்தான் வாங்கி வைத்தேன். மெஷினை எப்போதும் காதால்தான் காவல் காப்போம். நாடா சிக்குப்படும்போது ஒரு கீச்சுச் சத்தம் வரும். அன்று என் காதில் நானே இருந்தேன்.

அவர் அன்று மத்தியானமே எடுக்க வந்துவிட்டார். தடுப்புக்குப் பின்னால் கையில் நாடாவோடு இருந்தேன். இஞ்ஞாசி அண்ணை ஒரு தரம் உள்ளே எட்டிப் பார்த்தார், என் முகத்தையும் நாடாவையும் பார்த்தார். முன்னால் போய்த் தன் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார்: “மேடம், பெரிய பிழை ஒன்று நடந்துவிட்டது. என் கையால் நடந்தது. மன்னிக்க வேணும்.” பிறகு அந்த அம்மா சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது: “இப்படி முகத்துக்கு நேரே ஒத்துக்கொள்கிற மனிதரை நான் இந்த நகரத்தில் கண்டதில்லை.”

வாசகர்களே, என்னுடைய பிழைக்குக் கிடைத்த நல்ல பெயரும் அவருக்கே போனது. நான் வெட்கப்பட்டேன் என்று எழுத ஆசை. முதலில் வந்தது எரிச்சல்தான். வெட்கம் பின்னேரம்தான் வந்தது, வந்தபிறகு போகவில்லை.

ஹேஸலின் முகம்

மூன்று நாள் அந்த நாடாவோடு இருந்தேன். விரலால் நீவி, கெட்டுப்போன துண்டை வெட்டாமல், வேறு கூட்டில் சுற்றி, நாலு மெஷினிலும் மாறி மாறிப் போட்டுப் பார்த்தேன். பகிடி சொல்லத் தொடங்கும்வரை படம் சரியாக வந்தது. அதன்பிறகு ஒரு அரை நிமிடம் திரை முழுக்க வெள்ளைக் கோடு. ஆனால் சத்தம் பிழைத்துவிட்டது. சனிக்கிழமை மெட்ரோவில் போய், பஸ் மாறி, ஹேஸல் வீட்டுக் கதவைத் தட்டினேன். வாசலிலேயே சொல்லிவிட்டேன்: கவுண்டரில் நின்றவர் செய்யவில்லை, நான்தான் செய்தேன், வேறொருவர் மேலிருந்த பொறாமையில் வேலையைக் கவனிக்கவில்லை. அவர் என்னை உள்ளே வரச் சொன்னார். இருவரும் இருந்து பார்த்தோம்.

டொரீன் மேடைக்கு வந்தார். சிவப்புச் சட்டை, பெரிய சிரிப்பு. பிறகு படம் போனது, குரல் மட்டும் வந்தது: “எங்கள் வீட்டுப் பசுவுக்கு என் அக்கா ஹேஸலின் பெயரை வைத்தோம். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. பசுதான் கோபித்துக்கொண்டு பால் தரமாட்டேன் என்கிறது.” வெள்ளைக் கோடுகளுக்குள் கொட்டகை முழுக்கச் சிரித்தது. நீண்ட சிரிப்பு. நான் ஹேஸலைப் பார்க்கத் துணியவில்லை.

அவர்தான் பேசினார். இருவருக்கும் பகிடி சொல்ல வரும், இருவரும்தான் நிகழ்ச்சிக்கு எழுதிப் போட்டார்களாம். நிகழ்ச்சியில் இருந்து கூப்பிட்டது தங்கையை மட்டும். இவர்தான் கார் ஓட்டிக் கொண்டுபோய் இறக்கினார், இவர்தான் முன்வரிசையில் இருந்தார். அந்தப் பகிடி வந்ததும் கமெரா இவருடைய முகத்துக்குத் திரும்பிவிட்டது. எல்லாரும் சிரிக்க இவர் மட்டும் உதட்டை இறுக்கிக்கொண்டு இருந்தது நாடு முழுக்கப் போனது. டொரீன் சாகும்வரை அதைச் சொல்லிக்காட்டவில்லை. அதுவே இவருக்குப் பெரிய தண்டனையாக இருந்ததாம். “நீங்கள் கெடுத்த அரை நிமிடம் அதுதான்” என்றார். இன்னொரு தரம் போடச் சொன்னார். போட்டேன். இந்தமுறை சிரிப்பு வந்த இடத்தில் அவரும் சிரித்தார், முகத்தைத் துடைத்துக்கொண்டே. பிறகு என் பக்கம் திரும்பினார்: “படம் போனது நல்லது. வெறும் சத்தத்தில் யார் சிரிக்காமல் இருந்தார் என்று ஒருவருக்கும் தெரியாது.”

பிஸ்கற் பெட்டி

புறப்படும்போது ஒரு தகரப் பெட்டி நிறைய வீட்டில் சுட்ட பிஸ்கற் தந்தார். மனம் நிறைந்து கை நீட்டினேன். “கவுண்டரில் நிற்கிற அந்த அருமையான மனிதரிடம் கொடுத்துவிடுங்கள்” என்றார். மற்றவரின் பிழையைத் தன் தலையில் போட்டுக்கொண்டாரே, அப்படி ஒருவரை விட்டுவிடாதீர்கள் என்று எனக்குப் புத்தியும் சொன்னார். நான் போய் உண்மையைச் சொன்னதில் இஞ்ஞாசி அண்ணையின் மதிப்பு இன்னும் ஒரு படி ஏறியதுதான் மிச்சம். பஸ்ஸில் ஒரு பிஸ்கற் சாப்பிட்டேன். நல்ல பிஸ்கற். மெட்ரோவில் இன்னும் கொஞ்சம்.

கடைக்கு வந்து பெட்டியைக் கவுண்டரில் வைத்து, நடந்ததை எல்லாம் இஞ்ஞாசி அண்ணைக்குச் சொன்னேன். ச்சு, பத்தொன்பது, ஹெட்போன், பொறாமை, ஒன்றையும் விடவில்லை. அவர் தலையை ஆட்டிக் கேட்டார். “சரி விடும், ஆர் சொன்னா என்ன, கவுண்டரில நிண்டது நான்தானே” என்றார். பிறகு பெட்டியைத் திறந்து உள்ளே பார்த்தார். அவருடைய முகம் இரக்கத்தால் சுருங்கியது: “பாவம், மனுசிக்கு வயசு போட்டுது அன்ரன், பாதிப் பெட்டியை நிரப்ப மறந்துபோனா.”

பொறாமைக்காரன் ஒருவன் வயிற்றுப்பாட்டுக்காக எந்த வேலைக்கும் போகலாம், மற்றவர்கள் சிரித்த சிரிப்பைப் பக்கத்தில் இருந்து பிரதி எடுக்கிற வேலைக்கு மட்டும் போகக்கூடாது.